பேலன்ஸ் ஆகாத சமன்பாடு: அறிகுறி பார்த்துப் பழுது நீக்குவது

மாலையில் டியூஷன் எடுக்கிறேன், வேதியியல் மட்டும். பத்தாம் வகுப்போ பிளஸ் ஒன்னோ, அதிகம் வரும் புகார் ஒன்றுதான்: “சார், இந்த ஈக்வேஷன் பேலன்ஸ் ஆகவே மாட்டேங்குது.” நோட்டை வாங்கிப் பார்த்தால், பேலன்ஸ் பண்ணிய வரியில் கோளாறு இருப்பது குறைவு. அதற்கு முந்தைய வரியில், அதாவது பொருள்களை எழுதிய வரியிலேயே சமன்பாடு கெட்டுப்போயிருக்கும். அடித்து அடித்து எழுதுவதால் அது சரியாகாது.

அதனால் இங்கே வழிமுறையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. என்ன அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான சட்டம் ஒன்று மட்டும் உண்டு. வினையில் அணு புதிதாகப் பிறப்பதுமில்லை, காணாமல் போவதுமில்லை. ஆகவே அம்புக்குறிக்கு இடப்பக்கம் எத்தனை அணுவோ வலப்பக்கமும் அத்தனை. நிறை மாறா விதி என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். இதைச் சாதிக்க உங்களுக்குக் கொடுத்திருப்பது ஒரே திருகு: பொருளுக்கு முன்னால் போடும் எண், அதாவது கெழு. பொருளுக்குள் சின்னதாக எழுதும் கீழ் எண் உங்கள் கையில் இல்லை.

குறியீடுகளுக்குப் பதிலாகப் பெயர்களையே எழுதுகிறேன், அணுக்கணக்கையும் கூடவே சொல்கிறேன். நோட்டில் நீங்கள் வழக்கம்போல் குறியீட்டில் எழுதிக்கொண்டு பின்தொடருங்கள்.

அறிகுறி 1: எந்த எண்ணைப் போட்டாலும் ஒரு தனிமம் மட்டும் சேரவில்லை

முதலில் தனிமங்களைப் பட்டியல் போடுங்கள். இடப்பக்கம் இருக்கும் ஒவ்வொரு தனிமமும் வலப்பக்கம் இருக்கிறதா? மக்னீசியத்தையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் எழுதிவிட்டு, வலப்பக்கம் மக்னீசியம் குளோரைடை மட்டும் எழுதி ஹைட்ரஜனை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. இல்லாத தனிமத்தை எந்தக் கெழுவாலும் கொண்டுவர முடியாது.

பட்டியல் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் வாய்பாட்டின் மேல், அதாவது பொருளைக் குறியீட்டில் எழுதிய விதத்தின் மேல். இணைதிறனை, அதாவது ஓர் அணு மற்ற அணுக்களோடு இணையும் திறனைச் சரிபாருங்கள். அலுமினியத்துக்கு 3, ஆக்சிஜனுக்கு 2. ஆகவே அலுமினியம் ஆக்சைடில் இரண்டு அலுமினியம், மூன்று ஆக்சிஜன். இதை ஒன்றுக்கு ஒன்று என்று எழுதினால் சமன்பாடு அழகாக பேலன்ஸ் ஆகும். அதுதான் ஆபத்து! தப்பான வாய்பாடு எப்போதும் முரண்டு பிடிக்கும் என்று நினைக்காதீர்கள், பல நேரம் அது சரியானதைவிடச் சுலபமாகப் படியும்.

தனியாக நிற்கும் தனிமங்களையும் பாருங்கள். ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய ஏழும் தனித்து இருக்கும்போது இரண்டிரண்டு அணுவாகத்தான் இருக்கும். அலுமினியத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் “1 அலுமினியம், 3 அமிலம், 1 அலுமினியம் குளோரைடு, 3 ஒற்றை ஹைட்ரஜன்” என்று எழுதி, பேலன்ஸ் ஆகிவிட்டது என்று காட்டுவார்கள். ஒற்றை ஹைட்ரஜன் அணு குமிழியாக மேலே வராது. சரியானது:

2 அலுமினியம் + 6 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → 2 அலுமினியம் குளோரைடு + 3 ஹைட்ரஜன் வாயு

அறிகுறி 2: பேலன்ஸ் ஆகிவிட்டது, ஆனால் மார்க் இல்லை

கீழ் எண்ணில் கை வைத்திருப்பீர்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர். இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. ஒரு பையன் நீருக்குள் ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 போட்டான். கணக்கு நேர். அணு நிறைப்படி பார்த்தால் நிறையும் நேர்: 2 + 32 இடப்பக்கம், 34 வலப்பக்கம். ஆனால் அவன் எழுதியது நீரே இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. நீர்க்கச் செய்து காயம் கழுவவும், இன்னும் கொஞ்சம் வலுவாக இருந்தால் முடியை வெளுக்கவும் பயன்படுவது. தாகத்துக்குக் குடித்தால் ஆஸ்பத்திரிதான்.

இதை அவனிடம் சொன்னபோது அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: “நிறை மாறலையே சார், அப்புறம் என்ன தப்பு?” நிறை மாறா விதி ஒரு கணக்குப் பிள்ளை மாதிரி. வரவும் செலவும் நேராக இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். அந்தச் செலவு உண்மையிலேயே நடந்ததா என்று அதற்குத் தெரியாது. என்ன பொருள் உருவாகிறது என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும், அதை நாம் எழுதிக்கொண்டு வந்த பிறகுதான் பேலன்ஸ் வேலையே தொடங்குகிறது.

பழுது நீக்க: முதல் வரியில் எழுதிய வாய்பாடுகளையும் கடைசி வரியில் உள்ளவற்றையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். முன்னால் உள்ள எண் தவிர வேறெது மாறியிருந்தாலும் அதை அழித்துவிட்டுப் பழைய வாய்பாட்டிலிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி 3: ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கலைகிறது

வரிசைக் கோளாறு. தனியாக நிற்கும் தனிமத்தில் தொடங்கினால் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வருவீர்கள். புரொப்பேன் எரிவதைப் பாருங்கள் (3 கார்பன், 8 ஹைட்ரஜன்). ஆக்சிஜனில் தொடங்கினால், அது வலப்பக்கம் கார்பன் டைஆக்சைடிலும் நீரிலும் இரண்டு இடத்தில் இருப்பதால், பின்னால் கார்பனைத் தொடும்போதெல்லாம் அது கலையும்.

கார்பனில் தொடங்குங்கள்: 3 கார்பன் டைஆக்சைடு. அடுத்து ஹைட்ரஜன்: 8 அணுவுக்கு 4 நீர். இப்போது வலப்பக்க ஆக்சிஜன் 6 + 4 = 10. இடப்பக்கம் 5 ஆக்சிஜன் மூலக்கூறு. முடிந்தது. தனித்து நிற்கும் ஆக்சிஜனை மாற்றினால் வேறு எதுவும் அசையாது, அதனால்தான் அதைக் கடைசிக்கு வைக்கிறோம்.

அறிகுறி 4: ஆக்சிஜன் ஒற்றைப்படையில் நின்றுவிடுகிறது

பியூட்டேன், 4 கார்பன், 10 ஹைட்ரஜன். மேலே சொன்ன வரிசையில் போனால் 4 கார்பன் டைஆக்சைடு, 5 நீர், வலப்பக்க ஆக்சிஜன் 13. ஆக்சிஜனோ இரண்டிரண்டாகத்தான் வரும். இங்கே பயந்து எல்லாவற்றையும் அழிப்பவர்கள் அதிகம். அழிக்க வேண்டாம். கூசாமல் ஆறரை என்று போடுங்கள், அப்புறம் முழுவதையும் இரண்டால் பெருக்குங்கள்:

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டைஆக்சைடு + 10 நீர்

நிறை பார்த்தால் 116 + 416 = 532, மறுபக்கம் 352 + 180 = 532. இது வெறும் நோட்டுக் கணக்கு இல்லை. வீட்டு கேஸ் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. அது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது, கணக்குச் சுலபத்துக்கு முழுவதும் பியூட்டேன் என்று வைப்போம். அது தீரும்போது சுமார் 51 கிலோ ஆக்சிஜனைக் காற்றிலிருந்து எடுத்திருக்கும். சுமார் 43 கிலோ கார்பன் டைஆக்சைடும் 22 கிலோ நீராவியும் சமையலறை வழியாக வெளியே போயிருக்கும். “சிலிண்டர் காலி, கேஸ் போயிடுச்சு” என்கிறோம். போனதைவிட நாலரை மடங்கு எடை வெளியே வந்திருக்கிறது. அடுப்பைப் பற்றவைத்ததும் குளிர்ந்த பாத்திரத்தின் அடியில் ஈரம் படிகிறதே, அது இந்த 22 கிலோவில் ஒரு துளி.

இதே தந்திரம் இரும்பு பைரைட்டை (1 இரும்பு, 2 கந்தகம்) வறுக்கும் வினைக்கும் வேலை செய்யும். அங்கே வருவது இரும்பு ஆக்சைடும் (2 இரும்பு, 3 ஆக்சிஜன்) கந்தக டைஆக்சைடும். 2 பைரைட் வைத்தால் 1 இரும்பு ஆக்சைடு, 4 கந்தக டைஆக்சைடு, ஆக்சிஜன் 3 + 8 = 11. ஐந்தரை. இரட்டித்தால் 4, 11, 2, 8. பார்க்கப் பயமுறுத்தும் எண்கள், மூன்றே படி.

அறிகுறி 5: அடைப்புக்குறி வந்தால் எண்ணிக்கை தவறுகிறது

கால்சியம் ஹைட்ராக்சைடில் அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள 2, உள்ளே இருக்கும் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் சேர்த்துத்தான். இது எல்லோருக்கும் தெரியும், அவசரத்தில் கடைசி எழுத்துக்கு மட்டும் பெருக்குவார்கள்.

இதைத் தவிர்க்க, இரண்டு பக்கமும் உடையாமல் வரும் தொகுதியை ஒரே பொட்டலமாக எண்ணுங்கள். கால்சியம் ஹைட்ராக்சைடும் பாஸ்பாரிக் அமிலமும் சேரும் வினையில் பாஸ்பேட் உடைவதில்லை. கால்சியம் பாஸ்பேட்டில் 3 கால்சியம், 2 பாஸ்பேட். எனவே 3 கால்சியம் ஹைட்ராக்சைடு, 2 அமிலம். நீரை ‘ஒரு ஹைட்ரஜன், ஒரு ஹைட்ராக்சைடு’ என்று பிரித்துப் பார்த்தால் 6 ஹைட்ராக்சைடு, 6 ஹைட்ரஜன், ஆக 6 நீர். ஆக்சிஜனைத் தனியாக எண்ணவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் எண்ணிப் பாருங்கள், இரண்டு பக்கமும் 14.

அடைப்புக்குறியின் தம்பி, புள்ளி. மயில்துத்தப் படிகத்தில் ஒரு காப்பர் சல்பேட்டுக்கு ஐந்து நீர். புள்ளிக்குப் பின்னால் உள்ள 5 நீர் முழுவதற்கும் பொருந்தும்: ஹைட்ரஜன் 10, ஆக்சிஜன் சல்பேட்டில் 4, நீரில் 5, ஆக 9. அந்தப் புள்ளியைப் பெருக்கல் குறி என்று எண்ணிக்கொள்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது ‘கூடவே’ என்ற பொருளில் வரும் புள்ளி.

அறிகுறி 6: நைட்ரிக் அமிலம் வந்தாலே கதை கந்தல்

காப்பரை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் போட்டால் காப்பர் நைட்ரேட், நைட்ரிக் ஆக்சைடு, நீர். பொட்டலம் தந்திரத்தை இங்கே போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். ஏனென்றால் நைட்ரேட்டில் ஒரு பகுதி அப்படியே உப்பில் போய் உட்காருகிறது, இன்னொரு பகுதி உடைந்து வாயுவாகிறது. ஒரே அமிலம் இரண்டு வேலை பார்க்கிறது. எண்ணை ஊகித்து ஊகித்துப் போட்டு இதை முடித்தவர்கள் உண்டு, நேரம்தான் வீண்.

எலக்ட்ரான் கணக்குக்குப் போங்கள். இதற்கு ஆக்சிஜனேற்ற எண் வேண்டும்: எலக்ட்ரானை இழந்தால் கூடும், ஏற்றால் குறையும் எண் அது. காப்பருக்கு அது 0 இலிருந்து +2 ஆகிறது, ஒன்றுக்கு 2 எலக்ட்ரான் இழப்பு. உடையும் நைட்ரஜன் +5 இலிருந்து +2 ஆகிறது, ஒன்றுக்கு 3 ஏற்பு. இரண்டும் ஒத்துப்போக 3 காப்பர், 2 நைட்ரிக் ஆக்சைடு. 3 காப்பர் நைட்ரேட்டுக்கு உடையாத நைட்ரேட் 6 வேண்டும். ஆக அமிலம் 2 + 6 = 8. ஹைட்ரஜன் 8, எனவே நீர் 4.

3 காப்பர் + 8 நைட்ரிக் அமிலம் → 3 காப்பர் நைட்ரேட் + 2 நைட்ரிக் ஆக்சைடு + 4 நீர்

ஆக்சிஜனை நாம் தொடவே இல்லை. இப்போது எண்ணுங்கள்: இடம் 24, வலம் 18 + 2 + 4 = 24. தொடாத தனிமம் தானாகச் சேர்ந்தால் மற்றவற்றைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று நம்பலாம். எந்தச் சமன்பாட்டிலும் ஒரு தனிமத்தை இப்படிச் சாட்சியாக ஒதுக்கி வைப்பது நல்லது.

அறிகுறி 7: என் விடை வேறு, நண்பன் விடை வேறு, இரண்டும் பேலன்ஸ் ஆகிறது

ஒருவர் 2, 1, 2 என்றும் இன்னொருவர் 4, 2, 4 என்றும் எழுதியிருந்தால் சண்டை வேண்டாம். பொதுக் காரணியால் வகுத்துவிடுங்கள்.

விகிதமே வேறாக இருந்தால் விஷயம் சுவையானது. அமிலம் கலந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் ஊதா நிறம் மறைந்து ஆக்சிஜன் குமிழிகள் வரும். இதற்கு மூன்று விடைகள்:

2 பெர்மாங்கனேட் + 5 பெராக்சைடு + 3 கந்தக அமிலம் → 1 பொட்டாசியம் சல்பேட் + 2 மாங்கனீஸ் சல்பேட் + 8 நீர் + 5 ஆக்சிஜன்

இதிலேயே பெராக்சைடை 7, நீரை 10, ஆக்சிஜனை 6 ஆக்கிப் பாருங்கள். பேலன்ஸ் ஆகும். பெராக்சைடை 3, நீரை 6, ஆக்சிஜனை 4 ஆக்கினாலும் ஆகும். எண்ணிப் பார்த்தால் மூன்றிலும் ஓர் அணு குறையாது, கூடாது.

எப்படி? பெராக்சைடு தானாகவே சிதையக் கூடியது: 2 பெராக்சைடு உடைந்து 2 நீர், 1 ஆக்சிஜன். இந்த வினையும் பேலன்ஸ் ஆனதுதான். அதை முதல் சமன்பாட்டோடு கூட்டினால் 7 வரும், கழித்தால் 3 வரும். அணுக்கணக்கால் இதைப் பிரிக்கவே முடியாது, எலக்ட்ரான் கணக்கால்தான் முடியும். மாங்கனீஸ் +7 இலிருந்து +2 ஆக, ஒன்றுக்கு 5 எலக்ட்ரான், இரண்டுக்கு 10. பெராக்சைடு ஒன்று கொடுப்பது 2. ஆகவே 5 தான். 7 என்பதில் இரண்டு வினைகள் கலந்திருக்கின்றன. 3 என்பது இன்னும் மோசம்: மூன்று பெராக்சைடிலிருந்து நான்கு ஆக்சிஜன் மூலக்கூறு எப்படி வரும்? வரும் ஆக்சிஜன் வாயு முழுவதும் பெராக்சைடிலிருந்துதான்.

இதை வெறும் புதிர் என்று ஒதுக்க முடியாது. லேபில் பெர்மாங்கனேட்டால் தரம் பார்த்து (டைட்ரேஷன் செய்து) பெராக்சைடின் அளவைக் கணக்கிடும்போது 5 க்குப் பதில் 7 போட்டால் விடை 40 சதவீதம் கூடுதலாக வரும்.

முன்கூட்டியே மோப்பம் பிடிக்க ஒரு வழி: பொருள்களை எண்ணி, அதிலிருந்து தனிமங்களின் எண்ணிக்கையைக் கழியுங்கள். 1 வந்தால் பொதுவாக ஒரே விகிதம்தான். இங்கே பொருள் 7, தனிமம் 5. 2 வந்தால் உஷார்.

அறிகுறி 8: அணு எல்லாம் சரி, ஆனாலும் தப்பு என்கிறார்கள்

அயனிச் சமன்பாடாக (மின்சுமை கொண்ட அணுக்களை வைத்து எழுதுவது) இருந்தால் மின்சுமையைப் பாருங்கள். துத்தநாகம் ஒன்று, வெள்ளி அயனி ஒன்று, துத்தநாக அயனி ஒன்று, வெள்ளி ஒன்று. அணு நேர், ஆனால் இடப்பக்கம் +1, வலப்பக்கம் +2. வெள்ளி அயனியும் வெள்ளியும் இரண்டிரண்டாக வேண்டும். அவ்வளவுதான்.

அறிகுறி 9: சமன்பாடு சரி, நிறைக் கணக்கு இடிக்கிறது

கெழுவைக் கிராமாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். 2 ஹைட்ரஜனும் 1 ஆக்சிஜனும் என்றால் 2 கிராமும் 1 கிராமும் அல்ல, மூலக்கூறுகளின் எண்ணிக்கை. நிறையில் அது 4 க்கு 32.

இன்னொன்று, எண்ணிக்கையும் மாறாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பது. 1 நைட்ரஜனும் 3 ஹைட்ரஜனும் சேர்ந்து 2 அம்மோனியா: நான்கு மூலக்கூறு இரண்டாகிவிட்டது. விதிக்கு ஒன்றும் ஆகவில்லை, 28 + 6 = 34. வாயுவின் கன அளவும் இதேபோல் பாதியாகும். காக்கப்படுவது அணுவும் நிறையும், மூலக்கூறும் லிட்டரும் இல்லை.

அறிகுறி 10: தராசு ஒத்துக்கொள்ளவில்லை

எடை கூடினால் காற்றிலிருந்து ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது. குறைந்தால் ஏதோ வெளியே போயிருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் பாயில் மூடிய கண்ணாடிக் கலத்தில் உலோகத்தைச் சூடாக்கினார். பிறகு கலத்தைத் திறந்து எடை பார்த்தார், கூடியிருந்தது. நெருப்பின் துகள்கள் கண்ணாடியைத் துளைத்து உள்ளே புகுந்தன என்று முடிவு கட்டினார். 1774இல் லாவாய்சியர் அதே மாதிரிச் சோதனையைச் செய்து, திறப்பதற்கு முன்பே எடை போட்டார். மாற்றமில்லை. திறந்ததும் காற்று புஸ்ஸென்று உள்ளே போனது, கூடிய எடை அந்தக் காற்றுடையது. இதே மாதிரிச் சோதனையை லொமனோசவ் 1756லேயே ரஷ்யாவில் செய்திருந்தார். பாயிலுக்கும் லாவாய்சியருக்கும் எடை போடும் நேரம் ஒன்றுதான் வித்தியாசம். உங்கள் தராசு இடித்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எப்போது திறந்தீர்கள்?

சுண்ணாம்புக் காளவாசலில் 100 கிலோ தூய கல்லைச் சுட்டால் 56 கிலோதான் மிஞ்சும். 44 கிலோ கார்பன் டைஆக்சைடாகப் போய்விட்டது. அந்த 56 கிலோவை 18 கிலோ நீர் விட்டு நீற்றினால் 74. சுவரில் அடித்தபின் அது காற்றிலிருந்து 44 கிலோ கார்பன் டைஆக்சைடை வாங்கிக்கொண்டு, 18 கிலோ நீரை விட்டு, மறுபடி 100 கிலோ கல்லாகிறது.

மக்னீசிய நாடாவை மூசையில் எரித்தால் 2.4 கிராம் 4 கிராமாக வேண்டும். குறைவாக வந்தால் இரண்டு காரணம். மூடியைத் திறந்தபோது வெள்ளைப் புகையாகக் கொஞ்சம் ஆக்சைடு பறந்திருக்கும். அல்லது ஒரு பகுதி காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்ந்து மக்னீசியம் நைட்ரைடு ஆகியிருக்கும். முழுவதும் நைட்ரைடானால் 3.3 கிராம் சொச்சம்தான் வரும். ஆறியபின் சில சொட்டு நீர் விட்டால் அம்மோனியா நெடி வரும், பின் மறுபடி நன்றாகச் சூடாக்கினால் ஆக்சைடாகிவிடும்.

கடைசியாக, எல்லாவற்றையும் மூடி வைத்தும் எடை குறைகிற வழக்கு. பாட்டிலில் வினிகர், வாயில் மாட்டிய பலூனில் 4 கிராம் சமையல் சோடா. பலூனை நிமிர்த்திச் சோடாவைக் கொட்டினால் வாயு வந்து பலூன் உப்பும். எதுவும் கசியவில்லை. ஆனாலும் நல்ல எலக்ட்ரானிக் தராசு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே குறைத்துக் காட்டும். மாணவர்கள் ரப்பர் பேண்டைச் சந்தேகிப்பார்கள். அது பாவம். உப்பிய பலூன் ஒரு லிட்டர் சொச்சம் காற்றை ஒதுக்கித் தள்ளியிருக்கிறது. ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிராம். அந்த அளவுக்குக் காற்று பலூனை மேலே தாங்குகிறது. நிறை உள்ளேயேதான் இருக்கிறது. பலூனை விட்டுவிட்டு, உப்பாத கெட்டியான சோடா பாட்டிலில் மூடியை இறுக்கிச் செய்து பாருங்கள். ஆனால் சோடாவை அரை கிராமுக்கு மேல் போடாதீர்கள், அழுத்தம் ஏறும். முன்னும் பின்னும் எடை ஒன்றாக இருக்கும். அதற்குப் பிறகு மூடியைத் திறந்து ஒருமுறை எடை போட்டால் கால் கிராம் வரை குறையும். அது மட்டும் உண்மையிலேயே வெளியே போன வாயு.